மௌசல் கிராமத்து மீன்காரி

பீங்கான் பொம்மை ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் சுண்டுவிரல் நுழையாத அளவில் ஒரு துளை இருக்கும். குழைத்த களிமண்ணைப் பால்போலக் கரைத்து, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அச்சின் ஓரமாக மண் ஏடு கட்டும். நடுவில் மீந்த கரைசலை அந்தத் துளை வழியே வெளியே வடித்துவிடுவார்கள். சூளையில் உள்காற்று சூடாகி விரியும்போது பொம்மை வெடித்துவிடாமல் காப்பதும் அந்தத் துளைதான்.

நாம் பேசப்போகும் பொம்மை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலைச் சேர்ந்த டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரப் பாட்டியின் உருவம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து மீன்காரிகள் கூடையை முதுகில் சுமந்தார்கள். அதன் பட்டை தலையைச் சுற்றி, தொப்பிக்கு மேலாகப் போகுமாம். டாலியின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் கூடவே ஒரு வாசகமும் வரும்: கார்னிஷ் மொழி பேசிய கடைசி ஆள். நாம் நின்று பார்க்க வேண்டியது இந்த வாசகத்தை.

கார்னிஷ் என்பது ஆங்கிலத்தின் வட்டார வழக்கு அல்ல. வெல்ஷுக்கும், பிரான்சின் கரையில் பேசப்படும் பிரெத்தோன் மொழிக்கும் உடன்பிறந்தது. கார்ன்வாலின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஆங்கிலம் நெருக்க, அது மேற்கே ஒதுங்கிக்கொண்டே போனது. 1549-இல் தேவாலய வழிபாட்டை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள்; படை வந்து அடக்கியது. 18-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கோடியில் சில ஊர்கள்தான் மிச்சம். அவற்றில் ஒன்று மௌசல் என்ற மீனவக் கிராமம். டாலியின் ஊர் அதுதான்.

1768-இல் டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற நீதிபதி அங்கே வந்தார். எதையும் தோண்டித் துருவிப் பார்க்கிற மனிதர். லண்டன் வந்திருந்த சிறுவன் மொஸார்ட்டைச் சோதித்து ராயல் சொசைட்டிக்கு அறிக்கை எழுதியவரும் இவரேதான். கார்னிஷ் பேசும் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு டாலியின் குடிசைக்குப் போனார். கார்னிஷில் பேசத் தெரிந்தவர் யாருமே இல்லை என்று பந்தயம் கட்டியிருப்பதாகச் சொன்னார். பாட்டிக்கு வந்ததே கோபம்! இரண்டு மூன்று நிமிடம் படபடவென்று பொரிந்து தள்ளினார். பாரிங்டனுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் வேல்ஸில் நீதிபதியாக இருந்ததால், வெல்ஷ் போல ஒலிக்கிறதே என்று மட்டும் பிடிபட்டது.

இனி நடந்ததுதான் முக்கியம். எதிர்க் குடிசைகளில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், டாலியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள். டாலி என்னைத் திட்டினாரா என்று பாரிங்டன் அவர்களைக் கேட்டார். கார்னிஷ் தெரியாது என்று நினைத்துவிட்டீர்களே என்று உங்களைத்தான் திட்டித் தீர்த்தார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சரளமாகப் பேச வராது, ஆனால் கேட்டால் புரியும் என்றார்கள். இந்தச் சந்திப்பைப் பற்றிப் பாரிங்டன் எழுதிய, டாலியைக் கடைசி ஆள் ஆக்கிய அதே அறிக்கையிலேயே அந்த மொழி புரிந்த இன்னும் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அறிக்கையின் இந்தப் பகுதியைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்படியானால் கடைசி என்று முதலில் சொன்னது யார்? டாலியேதான். 1772-இல் பாரிங்டனுக்குப் போன ஒரு கடிதத்தில் விவரம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் பென்சான்ஸ் நகருக்கு மீன் கொண்டுபோய் கார்னிஷிலேயே விற்றாராம்; இருபது வயது தாண்டும்வரை ஆங்கிலம் ஒரு சொல் தெரியாதாம். இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர இதைப் பேச ஒருவரும் இல்லை என்று அடித்துச் சொன்னாராம். அதே கடிதம் இன்னொன்றும் சொல்கிறது. பாட்டி ஏழை, பெரும்பாலும் திருச்சபை உதவியில் காலம் தள்ளுகிறார், குறி சொல்வதிலும் கார்னிஷ் பேசிக் காட்டுவதிலும் கொஞ்சம் காசு வருகிறது. வயிற்றுப்பாட்டுக்கு வழிசெய்த பெருமையை எந்தப் பாட்டி பங்குபோட்டுக்கொள்வார்? எனக்கு அவர்மீது துளியும் குறையில்லை.

ஆனால் 1776-இல் அதே ஊர் மீனவர் வில்லியம் போடினார் பாரிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார், கார்னிஷிலேயே. வயது 65. சிறுவனாக அப்பாவோடும் இன்னும் ஐந்து பேரோடும் படகில் போனபோது ஒரு வாரம் முழுக்க ஓர் ஆங்கிலச் சொல் காதில் விழுவதே அரிது என்கிறார். இப்போது ஊரில் நான்கைந்து பேர்தான் பேசுவார்கள், எல்லோரும் எண்பது வயதுக் கிழங்கள் என்றும் எழுதுகிறார். டாலி 1777 டிசம்பரில் இறந்தார். போடினார் 1789 வரை இருந்தார்.

நம் எல்லோருக்கும் உள்ள தவறான எண்ணம் இதுதான்: ஒரு மொழி ஒரு நாளில், ஓர் ஆளின் மூச்சோடு போய்விடுகிறது என்பது. கோடையில் ஆறு வற்றுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் நிற்பது ஓட்டம். அதன்பிறகும் அங்கங்கே குட்டைகளில் தண்ணீர் கிடக்கும். எந்தக் குட்டை கடைசியாக வற்றியது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பிள்ளைகளிடம் பெற்றோர் கார்னிஷில் பேசுவதை நிறுத்தியபோதே ஓட்டம் நின்றுவிட்டது. டாலி, எதிர் வீட்டுப் பெண்கள், போடினார் எல்லோரும் அதற்குப் பிறகு எஞ்சியவர்கள். ஒருவருக்குச் சரளம், ஒருவருக்குக் கேட்டால் புரியும், இன்னொருவருக்கு எண்ணிக்கையும் ஜெபமும் மட்டும் என்று அறிவு படிப்படியாகத்தான் குறையும்.

1860-இல் நெப்போலியனின் தம்பி மகனும் மொழியறிஞருமான லூயி லூசியன் போனபார்ட், பால் என்ற ஊரின் பாதிரியாரோடு சேர்ந்து, அங்குள்ள தேவாலய வளாகச் சுவரில் டாலிக்கு நினைவுக்கல் வைத்தார். அந்தக் கல்லே, கடைசியாகப் பேசியவர் என்று சொல்லப்படுகிறார் என்று நிதானமாகத்தான் பேசுகிறது. கதை கைமாறக் கைமாற அந்த நிதானம் உதிர்ந்துவிட்டது. பெயர் தெரிந்த கார்னிஷ் தாய்மொழிக்காரர்களில் கடைசிச் சிலரில் ஒருவர் என்பதுதான் சரியான வாசகம். பொம்மை விற்க அது உதவாது, உண்மைதான்.

கார்னிஷின் கதை அதோடு முடியவில்லை. 1904-இல் ஹென்றி ஜென்னர் கார்னிஷுக்கு ஒரு கையேடு வெளியிட, பழைய நாடகங்களையும் பதிவுகளையும் வைத்து மக்கள் மறுபடி படிக்கத் தொடங்கினார்கள். 2010-இல் யுனெஸ்கோ அழிந்த மொழிகளின் பட்டியலிலிருந்து கார்னிஷை எடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 557 பேர் அதைத் தங்கள் முதன்மை மொழியாக எழுதிக்கொடுத்தார்கள்.