மலைக்குப் போகும் வாக்கி-டாக்கி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

வாக்கி-டாக்கி வரும் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஒரு தூரம் போட்டிருக்கும். 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். அமெரிக்கக் கடைகளில் விற்கும் செட் என்றால் 35 மைல் என்றுகூட இருக்கும். பச்சைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒருவர் முகட்டின் மேலும் மற்றவர் கீழே பொட்டல்வெளியிலும் நின்று, நடுவே மரமோ மேடோ இல்லாமல் இருந்தால் அந்தத் தூரம் கிடைத்தாலும் கிடைக்கும். அதே செட்டை ஆனைமலையின் சோலைக்காட்டுக்குள் கொண்டுபோனால், ஓடையைக் கடந்து ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியவரின் குரலே கரகரத்து அறுந்துவிடும்.

மலையேற்றத்துக்காக செட் வாங்கப் போகிறவர் முதலில் மறக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். இந்தியாவில் சட்டப்படி வாங்கக்கூடியவை சில வகைகள் மட்டுமே. அதனால் தேர்வு நாம் நினைப்பதைவிட எளிது. பணத்தை எதில் போடுவது, செட்டை எப்படிப் பிடிப்பது, யார் எப்போது பேசுவது என்பதில்தான் யோசனை தேவை.

பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு வாக்கி-டாக்கியின் தேவையை விளக்க வேண்டியதில்லை. பூண்டியில் ஒன்றாகக் கிளம்பும் குடும்பம் இரண்டாவது மலையிலேயே மூன்றாகப் பிரிந்துவிடும். கல்லூரிப் பையன்கள் எங்கோ மேலே. மூங்கில் கம்பை ஊன்றியபடி மூட்டுவலிக்காரர் கீழே. தண்ணீர் பாட்டில்கள் எந்தப் பையில் போயின என்று தெரியாமல் நடுவில் இருவர். செல்போனுக்கு ஒரு வளைவில் டவர் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது.

“மாமா, எங்க வர்றீங்க?”

“கைதட்டிச் சுனைகிட்ட உக்காந்திருக்கோம் கண்ணு. நீங்க அங்கயே நில்லுங்க, வந்தர்றோம்.”

வாக்கி-டாக்கியின் வேலை இந்த இரண்டு வரிதான்: குழு சிதறாமல் பார்த்துக்கொள்வது. மீட்புப் படையை வரவழைப்பதற்கு அதை நம்பி மலையேறக் கூடாது. அதைப் பிறகு பார்ப்போம்.

மலை மறைத்தால் வாட் உதவாது

இந்தக் கைச்செட்டுகளின் அலைகள் ஏறக்குறைய பார்வை போகும் வழியில்தான் போகும். அமைதியான கடற்பரப்பில், ஆளுக்கு ஒரு செட்டை நெஞ்சுயரத்தில் பிடித்து நிற்கும் இருவருக்கு, பூமியின் வளைவு மட்டுமே விதிக்கும் எல்லை சுமார் 10 கிலோமீட்டர். ஒருவர் 100 மீட்டர் உயரக் குன்றின் மேல் ஏறிவிட்டால், அவருடைய அடிவானம் மட்டுமே 40 கிலோமீட்டருக்கு விரிந்துவிடும். செட்டை மாற்றாமல், நிற்கும் இடத்தை மாற்றிப் பெற்ற தூரம் அது.

இன்னொரு கோடியையும் பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதிலிருக்கும் அமெச்சூர் வானொலிக் கருவியோடு 5 வாட் கைச்செட்டை வைத்தே ஹாம் வானொலிக்காரர்கள் தொடர்புகொள்கிறார்கள். நிலையம் தலைக்கு மேல் வரும்போது குறுக்கே எதுவும் இல்லை, காரணம் அவ்வளவுதான். அதே 5 வாட் செட், தொட்டபெட்டாவின் ஒரு சரிவிலிருந்து மறு சரிவில் நிற்பவரைப் பிடிக்கத் திணறும்.

வாட் கூடினால் தூரமும் அதே அளவு கூடும் என்று நினைப்பது இயல்பு. அரை வாட்டை 5 வாட் ஆக்கினால், தடையே இல்லாத வெளியில்கூட தூரம் மூன்று மடங்கைச் சற்றே தாண்டும். மண்ணும் மரமும் அலையை விழுங்கும் இடங்களில் இரண்டு மடங்குகூட எட்டாது. பேட்டரி மட்டும் மளமளவென்று இறங்கும்.

மழையில் நனைந்த இலைக்கூட்டம் இன்னும் மோசம். சுமார் 150 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வி.எச்.எஃப். அலைகள், 446 மெகாஹெர்ட்ஸ் போன்ற யு.எச்.எஃப். அலைகளைவிட அடர்ந்த காட்டுக்குள் கொஞ்சம் கூடுதலாகவே போகும். வனத்துறையினர் வி.எச்.எஃப். செட்டுகளை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வேட்டைத் தடுப்புக் காவலர் தன் இடுப்பிலிருக்கும் செட்டில் தொலைவிலுள்ள ரேஞ்ச் ஆபீஸோடு பேசுவதைப் பார்த்துவிட்டு, ‘அதே மாதிரி ஒன்று வாங்கினால் போதும்’ என்று முடிவு கட்டாதீர்கள். அவர் பேச்சை உயரமான முகடு ஒன்றில் இருக்கும் ரிப்பீட்டர் வாங்கி, கூடுதல் சக்தியோடு மறுபடி அனுப்புகிறது. கையிலிருப்பது ஏறக்குறைய நம்முடையதைப் போன்ற செட்தான். வித்தியாசம் உச்சியில் இருக்கிறது, அது நமக்குக் கிடைக்காது.

உரிமம் இல்லாமல் எது?

இந்தியாவில் வயர்லெஸ் செட் வைத்திருக்கவே பொதுவாக அனுமதி வேண்டும். இதற்கு விலக்காக, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு துண்டு 2018 விதிகளின்படி உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் புழங்கும் அதே அலைவரிசை. செட்டின் சக்தி அரை வாட். ஒரு சேனலுக்கு 12.5 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் இந்தத் துண்டுக்குள் 16 சேனல்கள் அடங்கும். சாதாரண மலையேற்றக் குழு வாங்க வேண்டியது இதைத்தான். அரை வாட்டா என்று முகம் சுளிக்க வேண்டாம். மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: இந்த மாடலுக்கு இ.டி.ஏ. எனப்படும் கருவி ஒப்புதல் இருக்கிறதா? தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தருவது அது. இணையக் கடைகளில் அலைவரிசையைக்கூடச் சொல்லாமல் செட்டுகள் குவிந்து கிடந்ததால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் 13 நோட்டீஸ்களை அனுப்பியது. அலைவரிசை, உரிமம் தேவையா இல்லையா, ஒப்புதல் விவரம் ஆகியவற்றைக் காட்டித்தான் விற்க வேண்டும் என்ற வழிகாட்டு விதிகளும் அதே மாத இறுதியில் வந்தன. இந்த விவரம் இல்லாத பக்கத்தில் எவ்வளவு தள்ளுபடி போட்டிருந்தாலும் நகர்ந்துவிடுவது நல்லது.

விட்டுவிட வேண்டியவை சில. அமெரிக்காவிலிருந்து வரும் சித்தப்பா ஆசையாக வாங்கிவரும் ஜோடி செட் பெரும்பாலும் 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அங்கே அது பொதுமக்களுக்கானது. இங்கே அந்த அலைவரிசைக்கு உரிமவிலக்கு கிடையாது. பாஃபெங் யுவி-5ஆர் போன்ற விலை மலிவான 5 வாட் சீன செட்டுகள் அடுத்த ரகம். 136 முதல் 174, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம் என்பதுதான் அவற்றின் கவர்ச்சி, ஆபத்தும் அதுதான். அரசுத் துறைகளின் வயர்லெஸ் இயங்கும் அலைவரிசைகளும் அந்த எல்லைக்குள் வருகின்றன. தெரியாமல் அழுத்தினேன் என்பது அங்கே செல்லாது.

மூன்றாவது ரகத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன். ‘இந்தியா முழுவதும் பேசலாம், தூர எல்லையே இல்லை’ என்று விளம்பரம் வரும். உள்ளே பார்த்தால் 4ஜி சிம் கார்டு. பார்க்க வாக்கி-டாக்கி, வேலை செய்வது செல்போன் டவரில். கட்டுமான நிறுவனத்துக்கும் லாரி கம்பெனிக்கும் அருமையான பொருள். டவர் இல்லாத மலையில் அது வெறும் பாரம்.

மலையேற்றமே வாழ்க்கை என்றிருப்பவர்களுக்கு ஹாம் உரிமம் ஒரு நல்ல வழி. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் கூடுதல் சக்தியோடு பேசலாம், ஹாம் ரிப்பீட்டர்களையும் பயன்படுத்தலாம். 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழுதான் அறுந்துபோன தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் நடுவே செய்தி கடத்தியது. ஆனால் ஒரு நிபந்தனை: பேசும் இரு பக்கமும் உரிமம் வேண்டும். குழுவில் ஒருவர் மட்டும் தேர்வு எழுதிப் பயனில்லை.

எதற்குக் காசு கொடுக்கலாம்

446 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் எல்லாமே அரை வாட் என்பதால் தூரத்தை வைத்து ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த முடியாது. மற்றவற்றைப் பாருங்கள். தண்ணீர் தாங்கும் திறன் முதலில். ஐ.பி.54 என்றால் சாரல் தாங்கும், ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூலையில் நடப்பவருக்கு இரண்டாவதே பொருத்தம்.

பேட்டரி 20 மணி நேரம் நிற்கும் என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் நூற்றில் ஐந்து பங்கு நேரம் பேசி, ஐந்து பங்கு கேட்டு, மீதி தொண்ணூறு பங்கு சும்மா இருந்தால் வரும் கணக்கு. வாயாடிக் குழுவுக்கு அது பாதிகூட வராது. கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியோ, பவர் பேங்கில் நேரடியாகச் சார்ஜ் ஏறும் வசதியோ இருக்கட்டும். இமயமலைப் பக்கம் போகிறவர்கள் செட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் சட்டென்று சரியும்.

கையுறையோடு அழுத்த வருகிற பெரிய பொத்தான், கீபேட் லாக், காதில் மாட்டும் இயர்போன் ஆகியவை வேண்டும். யானை நடமாட்டமுள்ள இடத்தில் செட்டின் இரைச்சல் ஊர் முழுக்கக் கேட்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தாமலே பேச்சைக் கண்டுபிடித்து அனுப்பும் வாக்ஸ் வசதியை அணைத்துவிடுங்கள். காற்றடித்தாலே அது அனுப்பத் தொடங்கிவிடும்.

‘121 பிரைவசி கோடு’ என்று ஒரு வரி இருக்கும். பெயரைப் பார்த்து ரகசியம் என்று நம்பிவிடக் கூடாது. உங்கள் பேச்சோடு காதுக்கு எட்டாத ஒரு சிறு ஒலி சேர்ந்து போகும். அந்த ஒலி இல்லாத பேச்சுகளை உங்கள் செட் உங்களுக்குக் கேட்காமல் அடக்கிவிடும், அவ்வளவே. நீங்கள் பேசுவதை அதே சேனலில் கோடு போடாத யாரும் கேட்கலாம். மலையில் இதனால் வரும் தொல்லை வேறு. ஒருவர் செட்டில் கோடு இருக்கும், மற்றவருடையதில் இருக்காது. முதலாமவர் பேசுவது இவருக்குக் கேட்கும். இவர் பதில் அவருக்குப் போகவே போகாது. பேட்டரியா, மலையா என்று குழம்பி அரை நாள் போய்விடும். கிளம்புமுன் எல்லாச் செட்டையும் ஒரே சேனல், ஒரே கோடு என்று வைத்து, ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை பேசிப் பார்த்துவிட வேண்டும். கூட்டம் அதிகமான இடத்தில் முதல் சேனலைத் தவிர்ப்பதும் நல்லது. எல்லாரும் அதில்தான் இருப்பார்கள்.

பிடிக்கும் விதம், பேசும் விதம்

செட்டை பெல்ட்டில் தொங்கவிட்டுப் பேசினால் உடம்பே அலையை மறைக்கும். முகத்துக்கு நேரே, ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் மறுமுனைக்குப் போகும் சிக்னல் குறையும். 446 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 67 சென்டிமீட்டர். பாறையிலும் சரிவிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேர் அலையோடு மோதி, ஓரிடத்தில் சிக்னலை அழித்து, அங்கிருந்து ஓர் அடி தள்ளி அதையே கூட்டும். குரல் அறுந்தால் கத்துவதில் பயனில்லை. இரண்டு எட்டு நகர்ந்து பாருங்கள். முடிந்தால் மேட்டுக்கு ஏறுங்கள்.

பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேச வேண்டும், இல்லையேல் முதல் சொல் விழுங்கப்படும். ‘வலது பக்கம் போகாதே’ என்பதில் எந்தச் சொல் விழுந்தாலும் வம்புதான். அதனால் வழி சொல்லும்போது கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும். பைக்குள் நசுங்கி யாருடைய பொத்தானாவது அழுந்தியே இருந்தால் மொத்தச் சேனலும் ஊமையாகிவிடும். கீபேட் லாக் போட்டாலும் பெரும்பாலான செட்டுகளில் இந்தப் பொத்தான் வேலை செய்யும்; அதனால் அது அழுந்தாதபடி செட்டை வையுங்கள். நீண்ட பயணத்தில் எப்போதும் செட்டைத் திறந்து வைக்காமல், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் என்று பேசி வைத்துக்கொண்டால் பேட்டரியும் மிஞ்சும், யாரையாவது காணோம் என்பதும் சீக்கிரம் தெரியும்.

மறுமுனையில் யார்?

20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பின் தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டியோடுதான் 40 பாதைகளிலும் போக முடியும். செட் கொண்டுபோவதாக இருந்தால் வனத்துறையிடமோ வழிகாட்டியிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இ.டி.ஏ. விவரத்தின் நகல் பையில் இருக்கட்டும். எல்லைப் பகுதிகளில் ராணுவச் சோதனைச் சாவடிகளில் கேள்வி வரலாம்.

ஆபத்தில் 446 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு கூப்பிட்டாலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மீட்பு மையம் எதுவும் இல்லை. உங்கள் குழு மட்டுமே இருக்கிறது. கீழேயிருப்பவரிடம் சொல்லி, அவர் டவர் கிடைக்கும் இடத்துக்குப் போய் 112ஐ அழைப்பதுதான் வழி. உங்கள் சிம் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அந்த எண்ணுக்கு அழைப்பு போகும். அதனால் செட்டுகளில் ஒன்று கடைசியாக வருபவரிடமும் ஒன்று முன்னே போகிறவரிடமும் இருக்க வேண்டும்; இரண்டும் இளைஞர்கள் கையில் போய்விடக் கூடாது.

மேலைநாடுகளில் இந்தக் குறையை சாட்டிலைட் செய்திக் கருவிகள் தீர்த்துவிட்டன. இந்தியாவில் முன் அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் கொண்டுவருவது குற்றம். கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளோடு வந்த வெளிநாட்டு மலையேற்றக்காரர்கள் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ உறவினர்கள் உங்களோடு மலையேற வருவதாக இருந்தால், அந்தக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.