அஞ்சு பேர் கணக்கு

செப்டம்பர் பிறந்தால் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்து டீக்கடைகளில் '144' பேச்சு தொடங்கிவிடும். பரமக்குடியில் செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். பசும்பொன்னில் அக்டோபர் 30 தேவர் குருபூஜை. இரண்டையும் முன்னிட்டு ஆண்டுதோறும் கலெக்டர் தடை உத்தரவு போடுவார். அப்படியொரு உத்தரவு 2 மாதம்தான் செல்லும். மாநில அரசு விரும்பினால் இன்னும் 6 மாதம் வரை நீட்டிக்கலாம். எங்கள் இரண்டு தேதிகளும் அந்த 2 மாதத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகின்றன.

போன வருஷம் ஒரு தாய் என் ஆபீஸ் படியேறி வந்தார்.

"வக்கீலய்யா, எம் மகனை 144-ல பிடிச்சிட்டாக. அஞ்சு பேரு சேந்து நின்னாலே குத்தமாமுல்ல?"

"யாரும்மா சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாக."

ஊரே சொன்னாலும் தப்பு தப்புதான். பழைய சட்டங்களில் 144 இரண்டு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்து 144, தடை உத்தரவு போட அதிகாரிக்குக் கொடுத்த அதிகாரம். இந்திய தண்டனைச் சட்டத்து 144, சட்டவிரோதக் கூட்டத்தில் கொலை ஆயுதத்தோடு நிற்பவனுக்கான தண்டனை. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்து தடை உத்தரவு 163 ஆகிவிட்டது. தாளில் 163, வாயில் இன்னும் 144.

அஞ்சு பேர் கணக்கு இருப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 189-ஆம் பிரிவில். அங்கேயும் தலையை மட்டும் எண்ணினால் போதாது. கூடிய நோக்கத்தைப் பார்க்க வேண்டும். பலத்தைக் காட்டி நிலத்தைப் பிடுங்குவது, அதிகாரிகளை மிரட்டுவது, ஒருவரைப் பணியவைப்பது போன்ற நோக்கம் இருந்தால் 6 மாதம் வரை சிறை. அந்த நோக்கத்துக்காக ஒருவன் கைநீட்டினாலும் அது கலகம்: 2 வருஷம். கையில் கொலை ஆயுதம் இருந்தால் முன்பு 3 வருஷம், இப்போது 5.

நான் அஞ்சுவது 190-ஆம் பிரிவுக்குத்தான். பொது நோக்கத்தோடு கூடியவர்களில் ஒருவன் கல்லெறிந்து மண்டை உடைந்தால், எறியாதவனும் அதே குற்றவாளி. வேடிக்கை பார்த்தவன் இதில் சேரமாட்டான். ஆனால் தான் வேடிக்கை பார்த்தவன்தான் என்று அவன் வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தப் பையன் கதையும் அதுதான். பரோட்டாக் கடை வாசலில் இரு கோஷ்டிக்குள் அடிதடி. இவன் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டு நின்றான். எஃப்.ஐ.ஆரில் நாலு பெயர், அப்புறம் 'மற்றும் பலர்'. எங்கள் தொழிலில் மிக ஆபத்தான இரண்டு சொற்கள் இவை. பத்து நாள் கழித்து அந்தப் 'பலரில்' இவன் பெயர் முளைத்தது.

தடை உத்தரவை மீறினான் என்பது மட்டும் வழக்காக இருந்தால் வேலை சுலபம். உத்தரவிட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் புகார் தராமல் கோர்ட் அதை விசாரணைக்கு எடுக்க முடியாது. அமைதியாகப் போராடியவர்கள்மேல் போட்ட இத்தகைய எஃப்.ஐ.ஆர்.களை 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்தே செய்தது. இவன்மேல் இருப்பது கலக வழக்கு.

போலீஸ் வேலைக்காக விடியற்காலையில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன். இப்போது வாய்தாவுக்கு வாய்தா என் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருகிறான்.