நோயுற்ற கணினி: துலக்குதலும் புதுக்குதலும்

வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதென்று ஒருவர் கூறிய அளவிலே, அவ்வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றுதல் இயல்பு. தக்கதோர் ஆன்ட்டிவைரஸைக் கொண்டு துலக்கினாற் போதுமென்பார் ஒரு சாரார். யாவற்றையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினாலன்றி உய்வில்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டனுள் எது தக்கது, எக்காலத்துத் தக்கது என்பதனை, விண்டோஸ் இயங்குதளம் கொண்ட கணினிகளை முன்னிறுத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றாம். நம் மாணவர் பலர்க்கு ஆய்வேடும், ஆசிரியர் சிலர்க்குப் பல்லாண்டுக் குறிப்புகளும் இக்கருவி ஒன்றனுள்ளேயே அடங்கியிருத்தலின், இவ்வாராய்ச்சி வீண் பொழுதுபோக்காகாது.

முதற்கண் நோய் உண்டோ இல்லையோ என்று துணிதல் வேண்டும். கணினி மெல்ல இயங்குவது ஒன்றையே கொண்டு தீநிரல் புகுந்ததென முடிவு கட்டலாகாது. வட்டு நிரம்பினும், முதிர்ந்து பழுதுறினும் அவ்வாறே மெலியும். திரையின் மூலையில் 'உம் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன' என்று அடிக்கடி தோன்றும் அறிவிப்போ, பெரும்பாலும் ஏதோ ஒரு வலைத்தளத்திற்கு நாமே அறியாது அளித்த அனுமதியின் விளைவு. உலாவியின் அமைப்புகளிற் சென்று அவ்வனுமதியை நீக்கிய அளவிலே அது மறையும். திரை முழுவதையும் மூடிக்கொண்டு, தொலைபேசி எண் ஒன்றனைக் காட்டி, உடனே அழைக்குமாறு அச்சுறுத்தும் பக்கமும் இத்தகையதே. மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் காணப்படுவதில்லை. அவ்வெண்ணை அழைத்து, அந்நியர் சொற்படி கணினியைத் தொலைவிலிருந்து இயக்க இடங்கொடுத்தவர்க்கே உண்மையான நோய் தொடங்குகின்றது.

நோய் உண்டெனத் துணிந்தபின் எழும் இடர்ப்பாடு யாதெனின், நோயுற்ற கணினி தன்னைக் குறித்துத் தானே கூறும் சாட்சியம் நம்பத்தக்கதன்று என்பதே. ஆன்ட்டிவைரஸ் ஒரு கோப்பைப் படிக்க விரும்பின், இயங்குதளத்தையே கேட்டுப் பெறல் வேண்டும். தீநிரல் அவ்வியங்குதளத்தினுள் அமர்ந்து விடையை மாற்றிக் கூறுமாயின், சோதிப்பது யாங்ஙனம்? களவு நிகழ்ந்த வீட்டில் கள்வனையே வாயிற்காவலனாக்கி வினவுவது போலும் இது.

இச்சூழ்ச்சி புதியதன்று. 1986-ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் இயற்றிய 'பிரெய்ன்' என்பது, ஐபிஎம் வகைத் தனிக்கணினிகளிற் பரவிய முதல் வைரஸ் எனப்படும். அது நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியிற் குடிகொண்டது. அப்பகுதியைப் படிக்க எவரேனும் முயன்றால், தான் வேறிடத்திற் பதுக்கியிருந்த பழைய தூய பகுதியை எடுத்துக் காட்டிற்று. அதனுள் அச்சகோதரர் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பொறித்து வைத்தமை இக்காலத்தார்க்கு நகைப்பை விளைக்கும். 2005-ஆம் ஆண்டிலோ, சோனி பிஎம்ஜி நிறுவனத்தாரின் இசைத்தட்டுகள் சில, கணினியில் இட்டபோது படியெடுத்தலைத் தடுக்கும் நிரலொன்றை மறைவாகப் பதித்தன. குறிப்பிட்டதொரு முன்னொட்டுடன் பெயரிட்ட கோப்பு எதுவாயினும், அந்நிரல் அதனை எவர்க்கும் புலப்படாமற் செய்தது; பிற தீநிரல்களும் அந்நிழலில் ஒதுங்கின. அதனை நீக்குவதற்கென அந்நிறுவனத்தார் முதலில் வலைவழி வெளியிட்ட கருவியே புதியதொரு பாதுகாப்புக் குறையைத் திறந்துவிட்டது.

எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் பொதுமுறை ஒன்று இருத்தல் இயலாதென்பதை பிரெட் கோஹன் என்னும் அறிஞர் 1984-ஆம் ஆண்டிலேயே தம் ஆராய்ச்சியிற் காட்டினார். ஆதலின் 'சோதித்தோம், ஒன்றுமில்லை' என்று ஆன்ட்டிவைரஸ் கூறுமிடத்து, 'யாம் அறிந்தவற்றுள் ஒன்றும் காணவில்லை' என்றே அதற்குப் பொருள் கொள்ளல் வேண்டும்.

இங்ஙனமாயின் துலக்குதல் எக்காலும் பயனற்றதோ எனின், அன்று. நம்மூர்களிற் பலர் கண்டதொரு நோயை எடுத்துக்கொள்வோம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுப்பதற்காகப் பென்டிரைவைச் செருகி மீண்டு வந்தால், அதிலிருந்த கோப்புறைகள் யாவும் மறைந்து, அவற்றின் இடத்தில் சிறிய அம்புக்குறியிட்ட குறுக்குவழிகள் நிற்கும். ஆய்வேடு அழிந்ததென்று மாணவர் பதறுவர். உண்மையில் ஒன்றும் அழிந்திலது. தீநிரலானது கோப்புறைகளுக்கு 'மறைந்தது', 'இயங்குதளத்திற்குரியது' என்னும் இரு பண்புகளையும் ஏற்றிக் கண்ணுக்குப் புலப்படாமற் செய்து, அதே பெயரிற் போலிக் குறுக்குவழியைச் சமைத்து வைத்துள்ளது. அதனைச் சொடுக்கினால் தீநிரலும் இயங்கும், கோப்புறையும் திறக்கும். ஆதலாற் பலர் ஐயுறார். இதற்கு மருந்து எளிது. முதலிற் கணினியையும் பென்டிரைவையும் சோதித்துத் தீநிரலை நீக்கல் வேண்டும். பின்னர்க் கோப்பு உலாவியின் அமைப்பில், மறைந்த கோப்புகளைக் காட்டுமாறும், இயங்குதளக் கோப்புகளை மறையாதிருக்குமாறும் பணித்தால், கோப்புறைகள் மங்கிய நிறத்தில் வெளிப்படும். அவற்றைப் படியெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.

துலக்குங்கால் தீநிரல் உறங்கும் வேளையிற் சோதித்தலே சிறந்த உபாயம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன்' சோதனையைத் தேர்ந்தால், கணினி அணைந்தெழுந்து, வழக்கமான இயங்குதளம் தொடங்குமுன்னரே வட்டை ஆராயும். ஏறத்தாழ 15 நிமிடத்தில் அது முடியும். மேற்கூறிய காவலன் கண் விழியாமுன் வீட்டைச் சோதிப்பதே இதன் நுட்பம்.

எனினும் சில இடங்களில் துலக்குதலை யாம் சிறிதும் பரிந்துரையோம். பாதுகாப்பு நிரல் தானே அணைந்து மீண்டும் எழ மறுப்பினும், நீக்கிய தீநிரல் மறுநாள் திரும்பினும், விலைகொடாது பெற்ற 'கிராக்' நிரலை நிறுவியபின் நோய் தோன்றினும், அந்நியர் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கியிருப்பினும், கடவுச்சொற்கள் களவு போயிருப்பினும், புதிதாக நிறுவுவதே முறை. கோப்புகளைப் பூட்டிப் பணயப் பொருள் கேட்கும் தீநிரலுக்கும் இதுவே முடிவு. ஆயின், பூட்டப்பட்ட கோப்புகளை எறிந்துவிடாது தனி வட்டிற் சேமித்தல் நன்று. நெதர்லாந்துக் காவல்துறையினரும் யூரோபோலும் பிறரும் கூடி 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்னும் தளத்தில், சிலவகைப் பூட்டுகளுக்குத் திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றில்லாத திறவுகோல் பின்னொருநாள் வருதலும் உண்டு.

அழிக்குமுன் எடுத்துக்கொள்ள வேண்டியவை கட்டுரைகள், படங்கள், கணக்குகள் முதலிய தாமே ஆக்கிய கோப்புகள் மட்டுமே. நிறுவிய நிரல்களையும் அவற்றின் நிறுவுகோப்புகளையும் எடுத்தலாகாது. ஈண்டுத் தமிழர்க்கே உரியதொரு எச்சரிக்கை கூறவேண்டும். யூனிகோடு பரவுமுன் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கட்டுரைகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியலாகத் தோன்றும். பழைய மாணவர் பலரிடம் இத்தகைய கோப்புகள் இருத்தல் கூடும். கட்டுரை தப்பியும் படிக்கவொண்ணாதாயின் பயன் யாது? ஆகவே அவ்வெழுத்துருக்களையும் நினைவுகூர்ந்து எடுத்துக்கொள்ளல் வேண்டும். வட்டு பிட்லாக்கரால் மறைக்குறியாக்கப்பட்டிருப்பின், 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவுகோலையும் முன்னரே மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து குறித்துக்கொள்க. இடையில் அதனைக் கணினி கேட்டபின் தேடுவது பெருந்துன்பம்.

நிறுவுதற்குரிய பென்டிரைவை நோயற்ற வேறொரு கணினியில், மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே ஆக்கல் வேண்டும். 8 ஜிபி கொள்ளளவு போதும். கணினியுடன் வந்த உண்மையான உரிமம் பெரும்பாலும் அக்கருவியோடு பிணைக்கப்பட்டிருத்தலின், மீண்டும் விலை கொடுக்க வேண்டுவதில்லை. இதனை அறியாதார் பலர் தெருமுனைக் கடையிற் கொடுத்து, உரிமமற்ற விண்டோஸைக் 'கிராக்'குடன் பெற்று மகிழ்கின்றனர். ஒரு நோய் போய் மற்றொன்று வந்தமையை அவர் உணரார். 'சி' என்னும் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்து, 'டி', 'இ' என்னும் பகுதிகளைத் தொடாது விடுதலும் கடைகளில் உண்டு. அப்பகுதிகளிற் கிடக்கும் நோயுற்ற நிறுவுகோப்பை வீட்டார் மறுவாரம் சொடுக்குவர்; 'ஃபார்மட் செய்தும் போகவில்லையே' என்று வியப்பர். எல்லாப் பகுதிகளையும் நீக்கி வெற்றிடமாக்கியபின் நிறுவுவதே செவ்விது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தமையால், அதனையே மறுபடி நிறுவுவது அறிவுடைமையன்று. விண்டோஸ் 11-ஐ ஏலாத பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்றதொன்று ஏற்றது. வட்டை முற்றும் அழித்தாலும் தாய்ப்பலகையிற் பதுங்கி நிற்கும் தீநிரலும் உண்டு. 2018-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட 'லோஜாக்ஸ்' அத்தகையது. வீட்டுக் கணினிகளில் அது மிக அரிதாகலின் மேலே செல்வோம்.

வட்டைப் புதுக்கியதோடு பணி முடிந்ததெனக் கருதுவார் பலர். யாம் காண்கின்றபடி, பெரும்பொருள் இதற்கு அப்பாலே உள்ளது. இக்காலத் தீநிரல்களுட் பல, உலாவியிற் சேமித்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமாகிய குக்கிகளையும் சில நொடிகளிற் கவர்ந்து அனுப்பிவிடுகின்றன. கணினி தூயதாயினும் களவு போனது மீளாது. நோயுற்ற கணினியிலேயே அமர்ந்து கடவுச்சொல்லை மாற்றினால், புதியதும் கள்வர் கையிற் சேரும். ஆதலின் வேறொரு தூய கருவியிலிருந்து, முதலில் மின்னஞ்சலையும், பின் வங்கிக் கணக்கையும், அதன்பின் ஏனையவற்றையும் மாற்றல் வேண்டும். மாற்றியபின் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதனையும் தேர்தல் வேண்டும். கவர்ந்த குக்கி பல தளங்களில் இதனாலேயே செல்லாக்காசாகும். பணம் இழந்தார் காலந்தாழ்த்தாது தம் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் அறிவித்தல் வேண்டும்.

சேமித்த கோப்புகளைப் புதிய கணினிக்கு மீட்கும்போது, பெயரின் இறுதியிலுள்ள நீட்டிப்புகளைக் காட்டுமாறு முதலில் அமைத்துக்கொள்ளல் நலம். படத்தின் பெயரும் உருவமும் தாங்கி, இறுதியில் 'எக்ஸி' என முடியும் கோப்பு அப்போது தன் வேடங் கலைந்து நிற்கும். மேக்ரோவை இயக்க அனுமதி கேட்கும் பழைய வேர்ட் கோப்புகளுக்கு அவ்வனுமதியை மறுத்து, உள்ளிருக்கும் உரையை மட்டும் புதிய கோப்பிற் படியெடுத்துக்கொள்ளலாம். எல்லாம் மீண்டபின், பழைய சேமிப்பு வட்டை ஓரிரு திங்கள் அழியாமல் வைத்திருக்க. விடுபட்ட கோப்பொன்று தேர்வுக் காலத்திலேயே நினைவிற்கு வரும்.