மாடாகப் பிறந்த முனிவர், மாடாக மாறிய கிரேக்கப் பெண்: தாம்பரம் பக்கத்துல இருக்கிற மாடம்பாக்கத்தின் கதை தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் கிழக்குத் தாம்பரம், சேலையூர் வழியா மாடம்பாக்கம் போனவர்களுக்குத் தெரியும். தேனுபுரீஸ்வரர் கோயிலில் அன்றைக்கு ராகு கால பூஜைக்குக் கூட்டம் அள்ளும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தூணில் இருக்கும் சரபேஸ்வரரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் கோயிலுக்கே பெயர் வரக் காரணமானவர் வேறொருவர். அவர் கபில முனிவர்.

யார் இந்தக் கபிலர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாரியின் நண்பரான சங்கப் புலவர் கபிலர் வேறு, இவர் வேறு. இவர் புராண முனிவர். சாங்கிய தத்துவத்தின் மூலவராகச் சொல்லப்படுபவர். சகர மன்னனின் 60,000 பிள்ளைகள் காணாமல் போன யாகக் குதிரையைத் தேடி வந்து, இவரைத் திருடன் என நினைத்து வம்பிழுக்க, கண் திறந்து பார்த்தே சாம்பலாக்கியவர். அவர்களைக் கரையேற்றத்தான் பகீரதன் கங்கையைக் கொண்டு வந்தான்.

அவ்வளவு பெரிய முனிவர் ஏன் மாடானார்?

இங்கே வழங்கும் தலபுராணம் இப்படிப் போகிறது. கபிலர் இடது கையில் லிங்கத்தை வைத்துக்கொண்டு வலது கையால் பூப்போட்டு வழிபட்டார். ஏன் கையில் வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, கீழே வைக்கிற அளவுக்கு மண் சுத்தமா இல்லை என்றாராம். முறை தவறிய அந்த வழிபாட்டின் பலனாக அடுத்த பிறவியில் பசுவாகப் பிறந்தார்.

எந்த மண்ணைச் சுத்தமில்லை என்றாரோ, அந்த மண்ணில்தான் லிங்கம் புதைந்திருந்தது. பசு தினமும் அங்கே போய்ப் பாலைச் சொரிந்தது. பால் குறைவதைப் பார்த்த மேய்ப்பவன் அதை அடித்தான். வலியில் பசு காலை உதைக்க, குளம்பு பட்ட இடத்தில் ரத்தம் வந்தது. தோண்டிப் பார்த்தால் லிங்கம்! இங்கே மூலவர் ரொம்பச் சிறிய திருமேனி. அதில் குளம்பு பட்ட வடு இருப்பதாக நம்பிக்கை.

'தேனு' என்பதைத் தேனோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. வடமொழியில் தேனு என்றால் பசு. காமதேனுவில் வரும் அதே சொல்தான். அம்மன் பெயரும் தேனுகாம்பாள்.

கிரேக்கத்திலும் ஒரு பசு

இதே சாயலில் கிரேக்கப் புராணத்தில் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் அயோ. ஆர்கோஸ் நகரில் ஹீரா தேவியின் பூசாரி. ஹீராவின் கணவன் சீயஸ் அவள்மேல் ஆசைப்பட்டு, மனைவியிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவளை வெள்ளைப் பசுவாக மாற்றிவிட்டான் என்பது ஒரு வடிவம். கபிலராவது ஒரு தவறு செய்தார். அயோ செய்த தவறு என்ன? ஒன்றுமே இல்லை.

ஹீரா விடவில்லை. நூறு கண் கொண்ட ஆர்கஸைக் காவல் வைத்தாள். அவன் கொல்லப்பட்டதும் அந்தக் கண்களை எடுத்து மயில் தோகையில் பதித்தாளாம். பிறகு ஒரு மாட்டு ஈயை ஏவி அயோவை நாடு நாடாக ஓடவிட்டாள்.

ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் ஒரு காட்சி மனசை உலுக்கும். பசுவான அயோ தன் அப்பா முன்னால் வந்து நிற்கிறாள். பேசினால் மாட்டுக் குரல்தான் வருகிறது. கடைசியில் குளம்பால் மண்ணில் தன் பெயரை எழுதிக் காட்டுகிறாள். மகள்தான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. மாடம்பாக்கத்துப் பசுவுக்கும் வாயில்லை. அதற்காகப் பேசியதும் குளம்புதான்.

எகிப்து போய்ச் சேர்ந்த பிறகே அயோ மறுபடி பெண்ணானாள். 1610-ல் கலிலியோ கண்டறிந்த வியாழனின் நிலவு ஒன்றுக்கு இவள் பெயர்தான்.

ஊர்ப் பெயர் மாட்டினாலா?

அயோ கடந்த கடல் வழிக்கு 'பொஸ்போரஸ்' என்று பெயர். இஸ்தான்புல் நகரை இரண்டாகப் பிரிக்கும் ஜலசந்தி அது. கிரேக்கத்தில் 'மாடு கடந்த துறை' என்று பொருள் சொல்வார்கள். மாடம்பாக்கத்துக்கும் அதே மாதிரி மாட்டை வைத்துத்தான் உள்ளூரில் விளக்கம்.

ஆனால் அடித்துச் சொல்லிவிட முடியாது. தமிழில் மாடம் என்றால் மாளிகை, மேல்தளம் என்றும் பொருள் உண்டு. சோழர் காலத்து இந்தக் கோயிலின் விமானம் யானை படுத்திருப்பது போன்ற வடிவம். அதற்கே 'தூங்கானை மாடம்' என்றுதான் பெயர். பாக்கத்துக்குப் பஞ்சமில்லை: செம்பாக்கம், பெரும்பாக்கம், மேடவாக்கம் எனச் சுற்றிலும் அதே வால்தான்.

பால் சொரிந்த பசுவின் கதை மாடம்பாக்கத்துக்கு மட்டும் சொந்தமும் இல்லை. திருவான்மியூரில் சாபம் பெற்ற காமதேனு பால் சொரிந்ததால் சுவாமிக்குப் பால்வண்ணநாதர் என்றே பெயர். மயிலாப்பூரில் பார்வதியே மயிலானாள்.

மாடம்பாக்கம் இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது. கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கூட்டம் வேண்டாம், சிற்பங்களை நின்று பார்க்கணும் என்பவர்கள் ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிட்டு வார நாளில் போகலாம்.