முதியோர் பணிவிடை: சொல்லத் தயங்கும் துன்பம்

பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், வீட்டுக் கடன் ஆகிய எல்லாக் கவலைகளும் பங்குத் தந்தையின் செவிக்கு எட்டுகின்றன. எட்டாமல் நிற்கும் கவலை ஒன்று உண்டு. மலத்தை அடக்கும் ஆற்றலை இழந்துவிட்ட முதிய தாயையோ தந்தையையோ பேணும் இல்லத்தில் நாள்தோறும் நடப்பதை எவரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் முதியவருக்கு இழிவு என்று வீட்டார் எண்ணுகின்றனர். தம்மையே ஊரார் குறை கூறுவார்களோ என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. ஆகவே கதவை அடைத்துக்கொண்டு தனியே துன்புறுகின்றனர். இம்மாதம் இதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம். குடும்ப இதழில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குடும்பத்தில் நிகழ்வதைக் குடும்ப இதழில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதல் வெள்ளிக்கிழமையன்று, நோயாளருக்கு நற்கருணை கொண்டு சென்றபோது ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். அங்கே எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். மாதந்தோறும் நம் வரவை எதிர்நோக்கிக் கட்டிலில் எழுந்து அமர்ந்து, "தோத்திரம் சாமி" என்று வரவேற்பார். அன்றோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வேண்டாம் சாமி, நான் சுத்தமாய் இல்லை" என்றார். நாம் அதனைப் பாவத்தைப் பற்றிய பேச்சாகக் கொண்டு, பாவசங்கீர்த்தனம் கேட்கிறோம் என்றோம். அவர் விம்மி அழுதார்.

மருமகள் நம்மைத் தாழ்வாரத்திற்கு அழைத்துச் சென்று உண்மையை உரைத்தார். மூன்று வாரங்களாக அத்தைக்குத் தெரியாமலேயே மலம் கழிகிறது. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை துணி மாற்ற வேண்டியிருக்கிறது. மருந்துக் கடையில் சொல்லி, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தும் நிற்கவில்லை. ஆகவே இரவு உணவை நிறுத்திவிட்டார், தண்ணீரையும் குறைத்துவிட்டார். "சாப்பிட்டால்தானே போகும், சாமி?" என்று கேட்டார். அவரிடம் கல்நெஞ்சத்தை நாம் காணவில்லை, களைப்பையே கண்டோம். மூதாட்டியோ, மருமகளுக்குத் தொல்லை தரலாகாது என்று, கொடுத்த உணவிலும் பாதியை ஒதுக்கிவந்தார்.

நமக்கும் இதில் ஒன்றும் தெரியவில்லை. நோயில் பூசுதலைப் பற்றிக் குருமடத்தில் பல நாட்கள் பயின்றோம். நோயாளியின் படுக்கைத் துணியைப் பற்றி ஒருவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. அருகிலிருந்த கன்னியர் மடத்து மருந்தகத்தில் செவிலியராய் இருந்த அருட்சகோதரியிடம் சொன்னோம். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி, "இவருக்குக் கடைசியாக எப்போது இயல்பாக மலம் கழிந்தது?" என்பதே. எவராலும் விடை கூற இயலவில்லை. கையுறை அணிந்து ஆசனவாயைச் சோதித்தபோது, கல்லைப்போல் இறுகிய மலம் குடலின் கடைப்பகுதியை அடைத்திருக்கக் கண்டார். அதற்கு மேலே தேங்கிய நீர்த்த மலம், அடைப்பைச் சுற்றி வழிந்து கசிந்துகொண்டிருந்தது. வீட்டார் கண்டது வயிற்றுப்போக்கு, நோயோ மலச்சிக்கல்! நிறுத்துவதற்கென்று கொடுத்த மாத்திரை அடைப்பை மேலும் இறுக்கியது. தண்ணீரைக் குறைத்ததும் அதே தீங்கைச் செய்தது. மருத்துவரின் சொற்படி எனிமாவும் மலமிளக்கியும் கொடுக்கப்பட்டபின், சில நாட்களில் அடைப்பு நீங்கியது. கசிவும் பெரும்பாலும் நின்றது.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பித்த பாடம் இதுவே: மலக்கட்டுப்பாட்டை இழப்பது முதுமையின் மாற்ற முடியாத விதி அன்று. அதற்குக் காரணம் உண்டு. காரணத்தைத் தேடாமல் முதியவரின் சோற்றையும் நீரையும் குறைப்பது, அறியாமல் செய்தாலும், அவருக்கு இழைக்கும் தீங்கேயாகும்.

காரணத்தைத் தேடுக

மேலே சொன்ன அடைப்பு முதியோரிடம், குறிப்பாகப் படுக்கையில் இருப்போரிடம், அடிக்கடி காணப்படும் காரணம். வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை நோய் நாளடைவில் நரம்புகளைக் கெடுக்கிறது. பக்கவாதம் மலம் வரும் உணர்வையே மங்கச் செய்யலாம். பேறுகாலத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்த பெண்களுக்கு அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்து முதுமையில் வெளிப்படுவதுண்டு. மறதி நோய் உள்ளவர் கழிப்பறை எங்கே என்பதையே மறந்துவிடுகிறார். மூட்டு வலியால் விரைந்து எழ முடியாதவர், குடலில் குறையேதும் இல்லாமலே வழியில் துணியை நனைத்துவிடுகிறார்.

மருந்துகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வலுவான வலிநிவாரணிகள் ஆகியவை மலத்தை இறுக்கும். ஆகவே, முதியவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நாமாக எந்த மருந்தையும் நிறுத்தவோ சேர்க்கவோ கூடாது. அதற்கு முன் ஒரு வாரம், எந்நேரத்தில் மலம் கழிந்தது, இறுகியதா நீர்த்ததா, என்ன உண்டார் என்பதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அக்குறிப்பு மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.

சில அடையாளங்கள் தோன்றினால் காலந்தாழ்த்தலாகாது. மலத்தில் இரத்தம், தார்போன்ற கரிய மலம், காரணமின்றி உடல் இளைத்தல், வயிறு உப்பி வாந்தி எடுத்தல், காய்ச்சலோடு கூடிய வயிற்றுப்போக்கு ஆகியவை அத்தகையவை. திடீரென்று கட்டுப்பாடு போய், கால்கள் தளர்ந்தோ, இடுக்குப் பகுதி மரத்தோ போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நேரமும் இருக்கையும்

உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு. காலையில் இவ்வசைவு மிகுதி. ஆதலின் காலை உணவோ சூடான காப்பியோ அருந்தி 20 முதல் 30 நிமிடங்களுக்குள் முதியவரைக் கழிப்பறையில் அமரச் செய்க. நாள்தோறும் அதே நேரத்தில் பத்து நிமிடங்கள் அமரட்டும். முக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சில வாரங்களில் குடல் அந்நேரத்திற்குப் பழகிவிடும். பல வீடுகளில் இப்பழக்கம் ஒன்றே பாதித் தொல்லையைக் குறைத்துவிடும்.

குந்தி அமர இயலாதவருக்குக் கமோடு நாற்காலி கட்டிலருகே இருக்கட்டும். பாதங்களின் கீழே ஒரு சிறு முக்காலியை வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க, சிறிது முன்குனிந்து அமர்ந்தால் மலம் எளிதில் இறங்கும். இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரியட்டும். மறதி உள்ளவர் அமைதியின்றி எழுவதும், ஆடையை இழுப்பதும் மலம் வருவதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது கேள்வி கேட்டு நிற்காமல் கைபிடித்து அழைத்துச் செல்க. எளிதில் அவிழும் ஆடையே ஏற்றது.

உணவும் நீரும்

இதயத்திலும் சிறுநீரகத்திலும் குறையில்லாதவர் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுத் தம்ளர் நீர் அருந்தலாம். குறை உள்ளவர் மருத்துவர் குறிப்பிட்ட அளவைக் கடக்கலாகாது. மலம் இறுகுவோருக்குப் பப்பாளி, கொய்யா, கீரை, பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஆனால் நீரைக் கூட்டாமல் நார் உணவை மட்டும் கூட்டினால் அடைப்பு மிகும். மலம் நீர்ப்போருக்குச் சோற்றுக் கஞ்சி, மோர், வாழைப்பழம் ஏற்றவை. காப்பியும் காரமும் சிலருக்குக் குடலைத் தூண்டும். பால் சிலருக்கு ஒவ்வாது. நோட்டில் எழுதிய குறிப்பே இவற்றைக் காட்டிக் கொடுக்கும்.

தோலைக் காத்தல்

மலம் பட்ட தோல் விரைவில் சிவந்து புண்ணாகும். படுக்கையில் இருப்பவருக்கு அதுவே படுக்கைப் புண்ணாக முற்றவும் கூடும். ஆகவே, அறிந்த உடனே துணியை மாற்றுக. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். மாறினால் சிறுநீர்ப் பாதையில் கிருமி சேரும். கிருமிநாசினித் திரவத்தையும் காரமான சோப்பையும் தோலில் பூசலாகாது. ஈரம் போனபின் சிங்க் ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லியதாகத் தடவுக. முகப்பவுடர் தூவ வேண்டாம். அது ஈரத்தில் கட்டியாகித் தோலை உறுத்தும். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது நன்று.

மெத்தைமேல் ரப்பர் விரிப்பும், அதன்மேல் மடித்த பழைய பருத்திச் சேலையும் விரித்தால், அழுக்கான சேலையை மட்டும் உருவிவிடலாம். பெரியவர்களுக்கான டயாப்பர் பயணத்திற்கும் இரவிற்கும் உதவும்; மலம் பட்டபின் அதனை அப்படியே விட்டுவைப்பது மட்டும் கூடாது. கையுறை அணிந்தாலும் பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுக. துணிகளில் ஒட்டிய மலத்தைக் கழிப்பறையில் தள்ளி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் உலர்த்துக.

சொல்லும் பார்வையும்

முதியவரைப் புண்படுத்துவது மலம் மட்டுமன்று. அதைக் கண்ட நம் முகமும் ஆகும். பேரப்பிள்ளைகள் முன் "மறுபடியுமா?" என்று கூவுவது, மூக்கைப் பொத்துவது, விருந்தினரிடம் சொல்லிச் சலித்துக்கொள்வது ஆகியவை அவரை உயிரோடு ஒதுக்குவதாகும். கதவைச் சாத்துங்கள், மாற்றாத பகுதியைப் போர்வையால் மூடுங்கள், செய்யப்போவதை முன்னதாகச் சொல்லுங்கள். "பரவாயில்லை அத்தை, இரண்டு நிமிடத்தில் ஆகிவிடும்" என்ற ஒரு சொல் போதும். அவரைக் கைக்குழந்தையாக நடத்த வேண்டாம். உங்களை வளர்த்து ஆளாக்கியவர் அவர்.

பேணுவோரையும் பேணுக

நான்காம் கட்டளை மருமகளுக்கு மட்டும் தரப்பட்டதன்று. மாதப் பணம் அனுப்பிவிட்டேன் என்று கூறும் மகன், ஆண்டுக்கொருமுறை வந்து குறை கண்டுபிடிக்கும் மகள் ஆகியோருக்கும் அது உரியது. வாரத்தில் ஓரிரவாவது மற்றொருவர் விழித்திருக்கட்டும். ஞாயிறு திருப்பலிக்குச் சென்று வரும் இரண்டு மணி நேரமாவது பேணுபவருக்குக் கிடைக்கட்டும். அண்டை வீட்டாரும் அன்பியத்தாரும், ஜெபமாலை சொல்லிவிட்டு எழுந்துபோகாமல், ஒரு வாளித் துணியையும் அலசிக் கொடுக்கலாம். அதுவும் ஜெபமே. களைப்பின் மிகுதியால் கோபம் வந்தது என்று பாவசங்கீர்த்தனத்தில் அழும் பெண்களைக் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு அபராதத்தைவிட உறக்கமே தேவை.

வெளி உதவி கேட்பதும் வெட்கமன்று. தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், படுக்கையில் இருப்போரின் இல்லத்திற்கே சென்று வலிதணிப்புப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் அளிப்பதையும் தன் பணிகளுள் கொண்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தகைய உதவியைக் கேட்டறியுங்கள்.

முதலில் கூறிய மூதாட்டிக்கு மறு மாத முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றோம். தலை வாரி, வெள்ளைச் சேலை உடுத்தி, கட்டிலில் அமர்ந்திருந்தார். கசிவு முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மருமகள் அருகே நின்று தலையணையைத் தாங்கினார். இரவு உணவு உண்கிறாரா என்று கேட்டோம். "இரண்டு இட்லி, சாமி" என்று மூதாட்டியே விடை கூறினார்.

நம் பங்கில் இன்னும் எத்தனை இல்லங்களில் இவ்வாறு ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. அத்தகையோர் உங்கள் இல்லத்தில் இருந்தால், இவ்வாரமே மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூச்சமின்றிச் சொல்லுங்கள். அதுவரை, அன்புகூர்ந்து, அவருடைய தட்டில் சோற்றைக் குறைக்காதீர்கள்.