வெட்டுத் துண்டும் பழைய காகிதமும்

நெசவாளர் இல்லங்களில் துணித் துண்டுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. அளவு குறைந்தமையால் சங்கம் ஏற்காத துண்டு, சாயம் திட்டாக ஏறிய துண்டு, பாவின் கடைசியில் நெய்து வெட்டிய துண்டு என மூலையிற் கிடப்பவை பல. காகிதமும் அவ்வாறே, படித்து முடித்த நாளிதழ்களும், ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்களும் எடைக்குப் போகின்றன. இவ்விரண்டையும் கொண்டு தையற்பொறி இன்றியே வீட்டிலிருப்போர் செய்யத்தக்க மூன்று பொருள்களை இங்கு விளக்க விரும்புகிறோம்: துணிப்பை, விதைப் பொட்டலம், கணக்கேடு.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டமையும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றமையும் அங்கத்தினர் அறிந்தவையே. துணிப்பைக்குக் கேட்பு உண்டு. ஆயினும், பை தைப்பது எளிது என்று எண்ணித் தொடங்கிய ஓரிடத்தில் நேர்ந்ததை முதலிற் சொல்லிவிடுகிறோம். அதில் நமக்கும் பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் சிலர் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு நூறு பைகள் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தனர். துணி 90 செ.மீ. அகலமுடையது. அதை நடுவே இரண்டாக வெட்டி 45 செ.மீ. அகலத்தில் பையின் உடலை எடுத்தார்கள். பிடிகளுக்கோ, துணியின் குறுக்கே 7 செ.மீ. பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் பாதியாக்கினார்கள். ஓர் அங்குலத் துணியும் வீணாகவில்லை. அவ்வெட்டு முறையைக் கண்டு, சிக்கனம் என்றால் இதுவன்றோ என்று பாராட்டி வந்தவர்கள் நாமே.

அடுத்த மாதம் பைகளிற் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. ஐந்து கிலோ அரிசியைத் தாங்காமல் பிடிகள் நீண்டு, பின் அறுந்திருந்தன. துணி சங்கத்துடையது; உழைப்பு அப்பெண்களுடையது. கூலி கிடைக்கவில்லை என்பதோடு, பெண்கள் தைத்தால் இப்படித்தான் என்ற பேச்சும் கிளம்பிற்று. குற்றம் அவர்கள் தையலில் அன்று, வெட்டில். அவ்வெட்டைத்தான் நாம் புகழ்ந்திருந்தோம்.

காரணம் நெசவாளருக்கு எளிதில் விளங்கும். பாவு நூல் முறுக்கேறியது, கஞ்சி பெற்றது, தறியில் இழுவையைத் தாங்கி நின்றது. ஊடை நூலுக்கு அத்துணை முறுக்கு தேவையில்லை. அந்தத் துணியில் ஊடை இளமுறுக்கு நூல்; நெசவும் சற்றுத் தளர்வு. பிடியைத் துணியின் குறுக்கே வெட்டினால் அதன் நீளவாட்டில் ஓடுவது ஊடை நூலே. பாரம் முழுவதும் அதன்மேல் விழுந்தது. தறியில் உட்காரும்போது கைக்குத் தெரிந்திருக்கும் இந்த விஷயம், கத்தரிக்கோலை எடுத்தவுடன் மறந்து போவது விந்தைதான். நாமோ தறியில் உட்கார்ந்தவர்களும் அல்லோம்.

இனி, பாவின் போக்கிலேயே எல்லாவற்றையும் வெட்டும் முறையைக் கூறுவோம். முதலில் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்துக. கஞ்சி நீங்கிச் சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். இதைச் செய்யாமல் தைத்த பை, முதல் துவைப்பிலேயே கோணிப்போகும். உலர்ந்த பின்னரே அளக்க வேண்டும். அப்போதும் அகலம் 90 செ.மீ. இருக்குமாயின், பாவின் போக்கில் 88 செ.மீ. நீளம் எடுத்துக்கொள்க. அகலத்தில் 38 செ.மீ. வீதம் இரண்டு உடல்கள்; எஞ்சுவது 14 செ.மீ. அதை 7 செ.மீ. அகலமுள்ள இரு பட்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் 44 செ.மீ. நீளப் பிடிகள் நான்கு கிடைக்கும். இரண்டு பைகளுக்கு அவை போதும். இதிலும் கழிவில்லை என்பதைக் காண்க. அகலம் குறைந்த துணியாயின் பையின் அகலத்தைக் குறைக்கலாமேயன்றிப் பிடியைக் குறுக்கே வெட்டலாகாது.

88 செ.மீ. துணியை இரண்டாக மடித்தால் மடிப்பே பையின் அடி ஆகிறது. அடியில் தையல் இல்லை. ஆகவே பிரியவும் வழியில்லை. பக்கங்களை இருமுறை தைக்க வேண்டும். துணியின் நல்ல புறம் வெளியே இருக்க, விளிம்பிலிருந்து அரை செ.மீ. விட்டு ஒரு தையல். பின் பையை உட்புறம் வெளியாகத் திருப்பி, 1 செ.மீ. விட்டு மற்றொரு தையல். நூல் பிரியும் விளிம்பு உள்ளே அடைபட்டுவிடும். கைத்தறித் துணியில் விளிம்பு எளிதில் பிரியுமாதலால் இவ்விரட்டைத் தையலைத் தவிர்க்கலாகாது.

கையால் தைப்போர் வெறும் ஓட்டுத் தையலோடு நிற்காமல் பின்தையல் போட வேண்டும். ஊசி முன்னே ஒரு தையல் தூரம் சென்று வெளிவந்து, பின்னே அத்தூரம் திரும்பி இறங்குவதே பின்தையல். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வராது. நூலை முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் எடுக்க வேண்டா; நீண்ட நூல் சிக்கும், தேயும். மெழுகுவத்தியின்மேல் ஒருமுறை இழுத்தால் வழுக்கிச் செல்லும். ஊசி வாங்குகையில் ஒன்றை நினைவில் கொள்க: கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும், பொறித்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். கடைக்காரரே இதில் தடுமாறக் கண்டிருக்கிறோம்.

பையின் வாயை முதலில் 1 செ.மீ., பின் 3 செ.மீ. உள்நோக்கி மடிக்க வேண்டும். பிடிப்பட்டையின் இரு விளிம்புகளையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மீண்டும் நடுவே மடித்தால் நான்கு மடிப்புள்ள கெட்டியான பிடி வரும். அதன் நீண்ட பக்கத்தைத் தைத்துக்கொள்க. பக்கவிளிம்பிலிருந்து 9 செ.மீ. தள்ளி, பிடியின் முனையை 1 செ.மீ. அளவுக்கு வாய் மடிப்பினுள் செருகி, மடிப்பைச் சுற்றிலும் தைக்கவும். பின்பு பிடியை மேல்நோக்கித் திருப்பி, 3 செ.மீ. உயரத்துக்கும் துணியோடு சேர்த்து ஒரு கட்டமாகத் தைத்து, கட்டத்தினுள் பெருக்கற்குறி போல இரு சாய்ந்த வரிகள் தைக்க வேண்டும். பாரம் ஒரு வரியில் விழாமல் நான்கு பக்கமும் பரவும். முதற்பை முடிந்ததும் ஐந்து கிலோ அரிசியை இட்டு ஓர் இரவு ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்த பின்பே இரண்டாவதை வெட்டுக.

விலையைப் பற்றியும் ஒரு சொல். கழிவுத் துணிதானே என்று அதற்கு விலை போடாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. துணி சங்கத்தின் இருப்பிலிருந்து வந்ததாயின் இருப்புப் புத்தகத்தில் அது வெளிச்செல்ல வேண்டும். குறைந்த விலையேனும் எழுத வேண்டும். தைத்த நேரத்துக்கும் கூலி எழுத வேண்டும். துணிக்கும் கூலிக்கும் ஒன்றுமில்லை என்று கணக்கிட்டு விற்ற பையை, நாளை துணி வாங்கித் தைக்க நேரும்போது அதே விலைக்குக் கொடுக்க இயலாது.

காகிதத்துக்கு வருவோம். பொறியில் செய்த காகிதத்திலும் பாவு போல ஒரு போக்கு உண்டு. கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிகின்றன. நாளிதழின் பெரிய தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். வேறு தாளாயின், சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள். அது குழாய் போலச் சுருளும். குழாயின் நீளவாட்டமே நாரின் போக்கு. அப்போக்கில் மடித்தால் மடிப்பு படியும். எதிராக மடித்தால் தடித்து, வெடித்து நிற்கும்.

நாளிதழில் உறை ஒட்டி வடைக்கும் பஜ்ஜிக்கும் கொடுப்பது பழைய வழக்கம். அதை இனிச் செய்யலாகாது. அச்சுமை உணவில் ஏறும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகளும் நாளிதழில் உணவைப் பொதிவதைத் தடுக்கின்றன. ஆணி, பொத்தான் முதலியவற்றிற்கு அத்தகைய உறை தகும்.

விவசாய அங்கத்தினருக்கு உதவுவது விதைப் பொட்டலம். பசை வேண்டா, பசை பூச்சியை அழைக்கும். எழுதிய தாளின் வெற்றுப் பக்கத்தில் விதையின் பெயரையும் எடுத்த நாளையும் முதலிலேயே எழுதிவிடுக. நிரப்பிய பின் எழுதினால் தாள் குத்துப்படும். எழுத்து வெளிப்புறம் வரும்படி, கீழ்விளிம்பை மேல்விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. குறைவாக மடித்து, எஞ்சிய பட்டையை அதன்மேல் இருமுறை மடித்து அழுத்துக. நீண்ட குழல் போலாகும். ஒரு முனையைப் பின்புறம் மடித்து, மறுமுனை வழியே விதையை இட்டு, அதையும் மடித்து முதல் முனையின் மடிப்புக்குள் செருகிவிட்டால் பொட்டலம் பிரியாது. நாட்டு மருந்துக் கடையில் சூரணம் மடிப்பது இவ்வாறே. சற்று ஈரம் எஞ்சிய விதை காகிதத்தில் மூச்சுவிடும். பிளாஸ்டிக் உறையில் பூசணம் பிடிக்கும். ஆயினும் மழைக்காலத்தில் காகிதம் வெளி ஈரத்தையும் உள்ளே விடுமாதலால், நன்கு உலர்ந்த விதைப் பொட்டலங்களை மூடியிறுகிய டப்பாவில் வைப்பதே முறை.

மூன்றாவது, காகிதமும் ஊசியும் கூடும் வேலை. எட்டுத் தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவே மடித்தால் 32 பக்கங்கள். கடையில் விற்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டிலேயே ஓடும்; பாதியாக மடிக்கையில் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுவதால் ஏடு வாயைத் திறந்துகொண்டே நிற்கும். ஒவ்வொரு தாளையும் தனித்தனியே மடித்து, நகத்தால் அல்லது கரண்டிக் காம்பால் தேய்த்து, ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, ஓரிரவு பாரத்தின்கீழ் வைத்தால் அடங்கும். அட்டையாகக் கெட்டிக் காகிதத்தில் வெட்டுத் துண்டை மைதாக் கஞ்சியால் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு நீர். கட்டியின்றிக் கரைத்துக் காய்ச்சுவதை நெசவாளருக்குச் சொல்லத் தேவையில்லை.

மடிப்பில் மூன்று துளைகள்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. ஏட்டின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு நூல் எடுத்து, முனையில் முடிச்சிடாமல், உட்புறமிருந்து நடுத்துளை வழியே வெளியே செல்க. வெளியிலிருந்து மேல்துளையில் நுழைந்து, உள்ளே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியேறி, மீண்டும் நடுத்துளையில் உள்ளே வருக. இப்போது நூலின் இரு முனைகளும் உள்ளே இருக்கும். நீண்டோடும் நூல் அவ்விரு முனைகளுக்கும் நடுவில் அகப்படும்படி இறுக்கி, அதன்மேல் இருமுறை முடிச்சிடுக. இழுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் தாள் கிழியும்.

முன்னே சொன்ன பெண்கள் பிறகு, பாவின் போக்கில் வெட்டிய பிடிகளோடு, அதே கடைக்காரருக்கு மறுபடி பை கொடுத்தார்கள். துணி, நூல், கூலி, வரவு என நான்கு பத்திகள் கோடிட்ட அவர்களது கணக்கேடு அவர்களே தைத்தது. சென்ற தணிக்கையில் அதைப் பார்வையிட்டோம். நடுத்துளையின் முடிச்சு சற்றுத் தளர்ந்திருந்தது. கூட்டல் சரியாக இருந்தது.