பிடித்த மீனை உயிரோடு விடுதலும், பொய்யிரைத் தூண்டிலைத் திருத்தும் முறையும்

ஆற்றோரத்திலும் ஏரியடியிலும் நிலம் உடைய குடியானவர்களுக்கு மீன் ஓர் உபவருமானம் என்பது பழைய செய்தி. ஆயினும், வலையிலும் தூண்டிலிலும் அகப்பட்ட மீன் முழுவதையும் கரையேற்றிவிட்டால் மறு ஆண்டில் முட்டையிட மீன் மிஞ்சாது என்பதைப் பலர் நினைப்பதில்லை. விதைநெல்லை உண்ட வீட்டில் விளைச்சல் இராது. சினைமீனையும் குஞ்சுமீனையும் திரும்ப நீரில் விடுதல் விதை காப்பதற்கு ஒப்பானது. ஆனால், விடப்பட்ட மீன் பிழைத்தால்தான் அச்செயலுக்குப் பயன் உண்டு. வாய் கிழிந்து, செவுள் அறுந்து, மூச்சு அற்ற நிலையில் நீரில் தள்ளப்படும் மீன் கண்ணுக்கு மறைவாகச் சென்று இறந்துபோகிறது. விட்டவரோ புண்ணியம் செய்ததாக எண்ணி வீடு திரும்புகிறார். இக்குறையைப் பெரும்பாலும் நீக்கக்கூடிய எளிய முறைகள் உள. அவற்றுக்கு வேண்டிய கருவிகள் ஒரு குறடும் ஓர் அரமுமே.

காவேரிப் பெருங்கெண்டையின் நிலை

தென்னாட்டு நன்னீர் மீன்களுள் புகழ் மிக்கது மகசீர் என்னும் பெருங்கெண்டை. சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகத்தில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-ஆம் ஆண்டில் வெளியிட்ட தூண்டில் நூலில் இம்மீனின் வலிமையை விரிவாக எழுதினார். 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்த மகசீர் 120 ராத்தல், அதாவது ஏறக்குறைய 54 கிலோ எடை இருந்தது. அவ்வளவு பெரிதாக வளரும் திமில் மகசீர் காவேரியிலும் அதன் கிளையாறுகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. நூறாண்டுக்கு மேலாகப் பேர்பெற்றிருந்தும் அதன் சாஸ்திரீயப் பெயர் டோர் ரேமாதேவி என்று உறுதியானது 2018-இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றன்று. அணைகள் மீனின் போக்குவரத்தை மறித்தன, கோடையில் நீர் குறைந்தது, ஆற்றுமணல் அள்ளப்பட்டது, வேறு ஆற்று மகசீர்க் குஞ்சுகள் காவேரியில் விடப்பட்டுப் பெருகின. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுத்தும் அக்கொடுமை முற்றும் ஒழிந்தபாடில்லை. இத்தனை இடையூறுகளுக்குத் தப்பி வளர்ந்த ஒரு பெரிய சினைமீன் தூண்டிலில் அகப்படும்போது, அதை உயிரோடு விடுவதா, விடுவதாகப் பேர்பண்ணிக் கொல்வதா என்பதே கேள்வி.

மீன் இறப்பது எதனால்?

தூண்டிலிலிருந்து விடப்பட்ட மீன் நான்கு காரணங்களால் இறக்கிறது.

முதலாவது, முள் ஏறிய இடம். உதட்டிலும் தாடை மூலையிலும் ஏறிய முள்ளால் பெருந்தீங்கு இல்லை, அப்புண் ஆறிவிடும். தொண்டையிலோ செவுளிலோ ஏறினால் இரத்தம் பெருகி மீன் மடியும். மீனுக்கு மற்ற உயிர்களைவிட இரத்தம் குறைவு; சிறு ஒழுக்கும் ஆபத்தாகும்.

இரண்டாவது, களைப்பு. மெல்லிய தங்கூசியில் நெடுநேரம் இழுபட்ட மீனின் தசைகளில் அமிலம் மிகுந்து, அது நீந்தும் வலுவை இழக்கிறது.

மூன்றாவது, நீருக்கு வெளியே இருந்த நேரம். கானடா தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் 1992-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாக்குகிறது. களைக்கும்வரை துரத்தப்பட்ட வானவில் டிரவுட் மீன்களுள், வெளியே எடுக்கப்படாதவற்றில் 100-க்கு 88 பிழைத்தன. 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 பிழைத்தன. 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 28 மட்டுமே பிழைத்தன. நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டதும் இந்த டிரவுட் இனமே. எல்லா மீனும் இவ்வளவு மென்மையானதன்று. எனினும் காற்றில் கழியும் ஒவ்வொரு விநாடியும் மீனுக்குக் கேடு என்பது பொதுவிதி.

நான்காவது, மேல்வழுவழுப்பு நீங்குதல். மீனின் உடல்மேல் உள்ள கோழைப்படலம் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் காப்பு. உலர்ந்த கையாலும், முடிச்சுள்ள முரட்டு வலையாலும், சுடுமணலாலும் அது உரிந்துவிட்டால், சில நாளில் பூஞ்சணம் பற்றி மீன் இறக்கிறது.

இந்நான்கில் முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் தூண்டிலின் அமைப்பைப் பொறுத்தவை. ஆதலால் திருத்தம் அங்கே தொடங்கவேண்டும்.

பொய்யிரையின் அமைப்பு

லூர் என்று தூண்டிற்காரர்கள் வழங்கும் பொய்யிரை, சிறுமீன் போலவோ தவளை போலவோ மரம், பிளாஸ்டிக், தகடு, ரப்பர் முதலியவற்றால் செய்யப்படுகிறது. கடையில் விற்கும் மீனுருப் பொய்யிரைகளில் பெரும்பாலும் வயிற்றடியில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு மும்முட்கள் தொங்கும். ஒவ்வொரு முனைக்கும் சற்றுக் கீழே, பின்னோக்கி நீண்ட எதிர்முள் ஒன்று உண்டு. ஆக, ஒரு சிறு மீன் கவ்வும் பொருளில் ஆறு முனைகளும் ஆறு எதிர்முட்களும் இருக்கின்றன. ஒரு முள் வாயில் ஏற, மற்றொன்று கண்ணிலோ செவுளிலோ தைக்கிறது. வலையில் மீன் துள்ளும்போது எஞ்சிய முனைகள் வலையில் சிக்கி, வாயைக் கிழிக்கின்றன. கழற்றுபவரின் விரலும் பலமுறை தப்புவதில்லை.

திருத்தும் முறை

1. எதிர்முள்ளை நசுக்குதல்: தட்டை வாய்க் குறட்டால் எதிர்முள்ளைத் தண்டோடு சேர்த்து மெதுவாக அழுத்த வேண்டும். ஒரே மூச்சில் நெரித்தால் முள்முனை ஒடிந்து தெறிக்கலாம். கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கிக்கொள்வது நலம். பின்பு மெல்லிய அரத்தால் மேட்டைத் தேய்க்கவேண்டும். பருத்தித் துணியில் முள்ளைக் குத்தி வெளியே இழுத்துப் பார்க்கவேண்டும். நூல் இழையைப் பற்றாமல் வந்தால் வேலை முடிந்தது. பற்றினால் இன்னும் நசுக்கவேண்டும்.

2. மும்முள்ளை நீக்கி ஒற்றைமுள் பூட்டுதல்: முள்ளைப் பொய்யிரையோடு இணைக்கும் இரட்டைச் சுருள் வளையம் சாவிக்கொத்து வளையத்தைப் போன்றது. அதை நெகிழ்த்தி மும்முள்ளைக் கழற்றி, அகன்ற வாயுடைய ஒற்றைமுள்ளை மாட்டவேண்டும். மும்முள்ளைவிட ஒன்றிரண்டு அளவு பெரியது பொருத்தமாயிருக்கும். வால்முள்ளின் முனை மேல்நோக்கி இருப்பது நன்று. வயிற்று முள்ளை அடியோடு நீக்கிவிடலாம். நீக்க விரும்பாதோர் அங்கும் ஒற்றைமுள்ளே பூட்டவேண்டும். இரு முட்களும் ஒன்றையொன்று எட்டலாகாது.

3. சமநிலை பார்த்தல்: முள்ளின் எடை மாறினால் பொய்யிரையின் நடையும் மாறும். நேராக நீந்தியது சாய்ந்து சுழலலாம், மிதந்தது அமிழலாம். ஆகையால் ஆழமற்ற தெளிந்த நீரில் இழுத்துப் பார்த்து, எடை குறைந்திருந்தால் வளையத்தில் சிறிது பித்தளைக் கம்பியைச் சுற்றிச் சரிசெய்யலாம். ஈயம் நஞ்சாகையால் அதைத் தவிர்க்கவேண்டும்.

4. தவளைப் பொய்யிரை: விராலுக்கு வழங்கும் ரப்பர்த் தவளையில் முதுகோடு ஒட்டிய இரட்டைமுள் இருக்கும். அதை மாற்றவேண்டுவதில்லை, எதிர்முட்களை நசுக்கினாலே போதும்.

5. முள்ளின் உலோகம்: துருப்பிடிக்காத எஃகு முள் தங்கூசி அறுந்து மீனின் வாயில் தங்கினால் நெடுங்காலம் கிடக்கும். சாதாரண இரும்பு முள் நாளடைவில் துருவேறி உதிரும். ஆதலால் பின்னதே ஏற்றது.

உயிரிரையும் ராகிக்களி உருண்டையும் வைத்துப் பிடிப்போர்க்கு ஒரு சொல். பொய்யிரையை மீன் கவ்வியதும் ஏமாற்றம் அறிந்து உமிழப் பார்க்கிறது; ஆனால் மெய்யிரையை விழுங்குகிறது. எனவே முள் தொண்டைக்குள் போவது இதிலேதான் மிகுதி. இதற்கு வட்டமுள் பயன்படும். அதன் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், தொண்டையிலிருந்து வழுக்கி வந்து தாடை மூலையில் பற்றிக்கொள்ளும். அதைப் பயன்படுத்துகையில் கோலை வெடுக்கென்று சுண்டாமல், தங்கூசியை நிதானமாகச் சுற்றவேண்டும்.

ஓர் ஆட்சேபமும் சமாதானமும்

எதிர்முள் இல்லையேல் மீன் கழன்றோடிவிடும் என்பது பொதுவான ஆட்சேபம். தங்கூசி தளர்ந்தால் அவ்வாறு நேர்வது உண்மையே. தங்கூசியை எப்போதும் இறுக்கமாக வைத்துக்கொண்டால் இழப்பு மிகச் சிறிது. எதிர்முள் அற்ற கூர்முனை குறைந்த விசையிலேயே உள்ளே ஏறும் என்பதும் இலாபமே. மேலும், விடுவதற்கென்றே பிடிக்கும் மீன் கரைக்குச் சற்று முன்னதாகக் கழன்றால் நட்டம் யாருக்கு?

பிடித்தபின் செய்யவேண்டியவை

தங்கூசி மீனின் எடைக்குத் தக்க வலுவுடையதாய் இருந்து, மீன் விரைவில் கரை சேரவேண்டும். முடிச்சற்ற ரப்பர் வலை சிறந்தது. கையை நனைத்தபின்பே மீனைத் தொடவேண்டும். மீனை நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு குறட்டால் முள்ளைத் திருப்பி எடுத்துவிடலாம். எதிர்முள் இல்லாதபோது இது நொடியில் முடியும். செவுளில் விரல் விட்டுத் தூக்குவதும், பெரிய மீனைத் தாடையால் தொங்கவிடுவதும் கூடா. படம் எடுக்க விரும்புவோர் எல்லாம் ஆயத்தமானபின், இரு கைகளால் வயிற்றைத் தாங்கி, பத்து விநாடிக்குள் நீரில் இறக்கவேண்டும். முள் தொண்டையில் ஆழ்ந்திருந்தால் தோண்டி எடுக்க முயலாமல், தங்கூசியை முள்ளருகில் அறுத்து விடுவதே மீன் பிழைக்க வழி.

களைத்த மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, அது தானே வாலை அடித்துச் செல்லும்வரை தாங்கவேண்டும். முன்னும் பின்னுமாக ஆட்டுதல் வேண்டா. விரால் இதற்கு விலக்கு. அது நீர்மேல் வந்து காற்றை விழுங்கி வாழ்வது. அதை நீருக்குள் அமுக்கிப் பிடிக்காமல், மேலே வந்து மூச்சு வாங்க விடவேண்டும்.

காலமும் கவனிக்கத்தக்கது. 20 பாகை உஷ்ணமுள்ள நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 பாகையில் 7½ மில்லிகிராமே தாங்கும். ஆகவே கோடை நண்பகலில் விடப்படும் மீன் பிழைப்பது அரிது. விடியலே தகுந்த வேளை. விரால் தன் குஞ்சுத்திரளைக் காவல் காப்பது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரியும் இடத்தில் தாய்தந்தை மீனைப் பிடித்தால், குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அவ்விடத்தில் தூண்டில் போடாதிருப்பதே முறை.

எல்லா மீனையும் விடவேண்டுமா?

வேண்டுவதில்லை. உணவுக்குப் பிடிப்பது குற்றமன்று. வளர்ந்த நடுத்தர மீனை எடுத்துக்கொண்டு, குஞ்சையும் சினைமீனையும் விடுவது போதும். வளர்க்கத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் அதை நீரில் திரும்ப விடவே கூடாது. மகசீர் அகப்பட்டால் கட்டாயம் விடவேண்டும்.

பீமேஸ்வரி முதலிய காவேரிக்கரைத் தூண்டில் முகாம்களில், முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலராகவும் அமர்ந்து ஜீவனம் நடத்தினர். உயிரோடிருக்கும் மீன் கூலி கொடுக்கும் என்பதை அவர்கள் அநுபவத்தில் கண்டனர். பின்னர் சரணாலய எல்லைக்குள் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. ஆகையால் வனப்பகுதி ஆறுகளில் எவரும் அநுமதியின்றித் தூண்டில் போடலாகாது. மற்ற நீர்நிலைகளிலும் உரியவரிடம் உரிமம் பெறவேண்டும்.

பண்ணைக்குளம் உடையவர்கள் கட்டணத்துக்குத் தூண்டில் போட இடங்கொடுப்பதாயின், எதிர்முள் இல்லாத ஒற்றைமுள் மட்டுமே என்ற நிபந்தனையைக் கரையில் எழுதிவைப்பது நன்று. காயம்பட்ட மீன் மறுநாள் மிதந்தால் நட்டம் குளத்துக்காரருக்கே. கிராம அதிகாரிகள் ஏரி மீன்பாசி குத்தகை பேசும் காலத்தில், வெடியும் நஞ்சும் கூடாது என்பதோடு, சினைமீனை விடுவதையும் குத்தகைதாரர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

சுருக்கம்

எதிர்முள்ளை நசுக்குக. மும்முள்ளை நீக்கி ஒற்றைமுள் பூட்டுக. விரைவில் கரை சேர்க்க. கையை நனைத்துத் தொடுக. நீருக்குள்ளேயே கழற்றுக. கோடை நண்பகலைத் தவிர்க்க. ஒரு பொய்யிரையைத் திருத்தக் கால்மணி நேரம் செல்லும். பெருங்கெண்டை ஒன்று சினைமீனாகப் பல ஆண்டுகள் செல்லும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் குறட்டை எடுக்கத் தயங்கார்.